உதடு மரத்தும் பல் மரக்காதபோது

பாம்பனிலிருந்து ஒரு மகள் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு வயது 49, விசைப்படகில் தொழில். இடதுபுறக் கீழ்க்கடைவாய்ப் பல்லில் பத்து நாளாக வலி, படுத்தால் அதிகமாகிறது, சூடான தேநீர் பட்டால் அரைமணி நேரம் விண்விண்ணென்று தெறிக்கிறது. வேர் சிகிச்சைக்குப் போன இடத்தில் மூன்று ஊசி போட்டிருக்கிறார்கள். உதடும் நாக்கும் நன்றாக மரத்துவிட்டன. ஆனாலும் துளைக்கும் கருவி பல்லுக்குள் இறங்கியதும் அலறி எழுந்துவிட்டார். "உங்கள் உடம்புக்கு ஊசி ஏறவில்லை, பல்லை எடுத்துவிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். குடிக்கிறவருக்கு ஊசி வேலை செய்யாது என்று உறவினர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். இனி எந்தப் பல் மருத்துவரிடமும் வரமாட்டேன் என்று அப்பா உறுதியாக இருக்கிறார். ஊசி ஏறாத உடம்பு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா, வலியில்லாமல் அந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா என்பவை மகளின் கேள்விகள்.

இந்தக் கரையில் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் உடம்பில் கோளாறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவர் கோழையும் இல்லை. மரப்பு ஊசி தோற்றுப் போவதற்கு மிகவும் பெயர்போன பல் எது என்று எந்த நாட்டுப் பல் மருத்துவரைக் கேட்டாலும், கடுமையாக அழன்று போன கீழ்க்கடைவாய்ப் பல் என்றுதான் சொல்வார். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அப்படியே அந்த நிலையைத்தான் காட்டுகின்றன. இந்த நிலையில் உள்ள பற்களுக்கு வழக்கமான ஒரே ஊசியை மட்டும் போட்டுச் செய்து பார்த்த பல ஆய்வுகளில், பாதிப் பேருக்கு மேல் பல்லைத் திறக்கும்போது வலியை உணர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு உதடு முழுதாக மரத்திருந்தது. உதடு மரத்துவிட்டால் பல்லும் மரத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நோயாளி மட்டுமல்ல, அவசரத்தில் மருத்துவரும் இந்தத் தவறைச் செய்துவிடுகிறார்.

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லின் வேர் நுனிக்கு அருகில் ஈறில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்பைக் கடந்து வேரை எட்டிவிடும். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு கெட்டியாக இருப்பதால் அந்த வழி எளிதில் பலிக்காது. எனவே நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகில், வாயின் பின்பகுதியில், ஊசியை ஆழமாகச் செலுத்தி அந்த நரம்பையே தடுத்து நிறுத்துகிறோம். அதே நரம்பின் கிளைதான் கீழுதட்டுக்கும் போகிறது. ஆகவே உதடு மரத்தால் மருந்து சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். உதடே மரக்கவில்லை என்றால் மருந்து இடம் தவறியிருக்கிறது; அதே ஊசியை மறுபடி போடுவதில் பொருள் உண்டு. உதடு மரத்தும் பல் வலித்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அந்த நிலையில் அதே ஊசியை அதே இடத்தில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போடுவதால் பெரும்பாலும் பயன் வராது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுதான் என்று ஊகிக்கிறேன்.

அந்த வேறு காரணத்தைக் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. உங்கள் அப்பாவின் வலையில் பேத்தை மீன் எத்தனையோ முறை விழுந்திருக்கும். அதை உண்ணக் கூடாது என்று அவருக்குச் சிறு வயதிலேயே சொல்லியிருப்பார்கள். பேத்தையின் நஞ்சு மனித நரம்பில் உள்ள சோடியம் வாயில்களை அடைத்துவிடுகிறது. சோடியம் உள்ளே பாயாவிட்டால் நரம்பில் செய்தி ஓடாது; மூச்சுத் தசைகளுக்குச் செய்தி போகாமல் ஆள் இறந்து போகிறார். நாங்கள் போடும் மரப்பு மருந்தான லிக்னோகெய்னும் அதே வாயில்களைத்தான் அடைக்கிறது. ஆனால் ஓரிடத்தில் மட்டும், சில மணி நேரத்துக்கு மட்டும், பாதுகாப்பாக. பல்லின் நடுவில் உள்ள பற்கூழ் நாள்கணக்கில் அழன்று கிடக்கும்போது, அங்குள்ள வலி நரம்புகளில் வேறொரு வகைச் சோடியம் வாயில்கள் பெருகிவிடுகின்றன. அவற்றைப் பேத்தையின் நஞ்சாலும் எளிதில் அடைக்க முடியாது. லிக்னோகெய்னுக்கும் அவை சாதாரண வாயில்களைவிடச் சுமார் 4 மடங்கு அசைந்துகொடுக்காதவை. போதாக்குறைக்கு, அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்கள் அந்த நரம்புகளைச் சிறு தொடுகைக்கும் துடிக்கும்படி செய்துவிடுகின்றன. பத்து நாள் இரவும் பகலும் வலிச்செய்தி போய்க்கொண்டே இருந்தால் மூளைத்தண்டில் உள்ள நரம்புச் செல்களும் கூர்மையடைந்து, சிறிய செய்தியைக்கூடப் பெரிதாக்கிக் கேட்கத் தொடங்கிவிடும்.

அமிலத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். லிக்னோகெய்ன் மருந்தில் மின்னூட்டம் இல்லாத பகுதிதான் நரம்பின் உறையைக் கடந்து உள்ளே போக முடியும். உடம்பின் இயல்பான காரத்தன்மையில், அதாவது pH 7.4 என்ற அளவில், மருந்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்படி இருக்கும். சீழும் அழற்சியும் உள்ள இடத்தில் அமிலம் கூடி அது 6.4 அளவுக்கு இறங்கினால், மூன்று விழுக்காடு மட்டுமே மிஞ்சும். வீங்கிய ஈறில் நேராக ஊசி போட்டால் பலிக்காததற்கு இது ஒரு காரணம். ஆனால் வாயின் பின்பகுதியில், அழற்சி எட்டாத இடத்தில் போட்ட ஊசியும் தோற்பதை இந்த அமிலக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. அதனால்தான் நரம்பின் மாற்றத்தை முதலில் சொன்னேன். சிலருக்குக் கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு வேறொரு சிறு நரம்பும் கிளை அனுப்பியிருக்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும்.

குடிப்பழக்கத்தைப் பற்றி உறவினர் சொன்னதை அப்பாவின் காதில் போட வேண்டாம். குடியை வாழ்நாளில் தொடாத பெண்களிடமும், பள்ளிப் பிள்ளைகளிடமும் இதே தோல்வியைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு வலியால் துடிப்பவர் மீதே பழியைப் போட்டுவிடுகிறது. அவர் வெட்கப்பட்டு இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுவார். ஆனால் தைரியத்துக்காகக் குடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவதை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அச்சமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும் என்பது மெய். முந்தின இரவு கடலில் இருந்துவிட்டு, காலையில் கரை இறங்கி, சாப்பிடாமல் நேராக வருபவர்களுக்கு எல்லாமே கடினமாகிறது. சாப்பிட்டு, ஓரளவு உறங்கி, யாராவது ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கான ஏற்பாடு வீட்டிலேயே தொடங்க வேண்டும். சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் 600 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் விழுங்கியவர்களிடம் கீழ்த்தாடை ஊசி பலிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. அது அழற்சி வேதிப்பொருள்கள் உருவாவதைக் குறைக்கிறது. நரம்பின் துடிப்பு தணிகிறது. இதனால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது, ஆனால் செலவில்லாத உதவி. இதை நீங்களாக மெடிக்கல் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா, இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது ஆகாது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இந்த மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து.

அதே மெடிக்கல் கடையில் பல்வலி என்றதும் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல் பற்கூழ் மட்டும் அழன்றிருக்கும்போது ஆன்டிபயாட்டிக் அந்த வலியைக் குறைப்பதில்லை. 2019-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும், இந்த நிலைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. "மாத்திரை சாப்பிட்டு வலியை அடக்கிவிட்டு வா, பிறகு மரக்கும்" என்று ஐந்து நாள் அனுப்பிவைப்பதால் பற்கூழ் இன்னும் கெட்டுப்போகிறதே தவிர, ஊசி எளிதாகிவிடுவதில்லை. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியாமல் போனால் கதை வேறு. தாடைக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால் மாத்திரையோ பல் மருத்துவமனையோ தேடிக்கொண்டிராமல் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை.

இனி நாற்காலியில் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஊசி குத்தும் இடத்தில் முதலில் மரப்புக் களிம்பைத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விட வேண்டும். மருந்தை நிதானமாக, நிமிடத்துக்கு ஒரு மில்லி என்ற வேகத்தில் செலுத்த வேண்டும். வேகமாகச் செலுத்தினால் ஊசியே வலிக்கும். நிதானமாகச் செலுத்தினால் பலனும் கூடும். பிறகு காத்திருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான தோல்விகள் விதைக்கப்படுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். உதடு ஐந்து நிமிடத்தில் மரத்துவிடும். பற்கூழ் மரக்கப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது பதினைந்து நிமிடம் காத்திருப்பது மருத்துவருக்கு எளிதன்று. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கொடுக்காததால் ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் பல் மருத்துவரைக் கண்டு அஞ்சும்படி ஆகிவிடுகிறது.

காத்திருந்த பிறகு பல்லைச் சோதிக்க வேண்டும். பஞ்சில் குளிர் மருந்தைத் தெளித்தோ, ஊசி மூடியில் உறையவைத்த ஐஸ் குச்சியைக் கொண்டோ முதலில் பக்கத்தில் உள்ள நல்ல பல்லையும் பிறகு வலிக்கும் பல்லையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னும் ஒருமுறை இப்படித் தொட்டு வைத்திருந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். குளிர் உறைத்தால் பல் இன்னும் மரக்கவில்லை. துளைக்கும் கருவியை எடுக்கவே கூடாது. குளிர் உறைக்காவிட்டாலும் அது முழு உறுதி ஆகாது. சிலருக்கு அதற்குப் பிறகும் உள்ளே வலிக்கும். ஆனாலும் இந்த இரண்டு நிமிடச் சோதனை எத்தனையோ அலறல்களைத் தடுத்திருக்கிறது. நான் இதைச் செய்யாமல் எந்தக் கீழ்க்கடைவாய்ப் பல்லையும் திறப்பதில்லை.

குளிர் உறைத்தால் அடுத்து என்ன செய்வது? இந்த இடத்தில்தான் "உங்கள் உடம்புக்கு ஏறவில்லை" என்ற சொல் வந்துவிடுகிறது. உண்மையில் துணை ஊசிகள் தொடங்க வேண்டிய இடம் அது. முதலில் ஆர்ட்டிகெய்ன் என்ற மருந்து. நரம்பைத் தடுக்கும் ஊசியாகப் போடும்போது அது லிக்னோகெய்னைவிடப் பெரிய மேன்மை எதையும் காட்டுவதில்லை. ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு வெளியே, கன்னத்துப் பக்கத்து ஈறில் துணை ஊசியாகப் போட்டால் அது கெட்டியான கீழ்த்தாடை எலும்பையும் ஊடுருவிப் போகிறது. லிக்னோகெய்ன் அவ்வளவு போவதில்லை. 4 விழுக்காடு ஆர்ட்டிகெய்ன் நம் நாட்டில் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல். எல்லாச் சிறிய மருத்துவமனைகளிலும் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், நேரம் குறிக்கும்போதே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அதற்கும் மசியாத பல்லுக்கு, பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் உள்ள நாருக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, ஒவ்வொரு வேருக்கும் 0.2 மில்லி அளவு மருந்தை அழுத்தமாகச் செலுத்தும் முறை உண்டு. மருத்துவரின் விரலுக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும்; மருந்து எளிதாகப் போனால் வெளியே கசிந்துவிட்டது என்று பொருள். இது உடனே வேலை செய்யும், ஆனால் நீடிக்காது. எனவே அடுத்த வேலையைத் தாமதிக்காமல் செய்ய வேண்டும். இரண்டு நாள் பல்லைக் கடித்தால் லேசாக நோகும். எலும்பில் சிறு துளையிட்டு நேராக எலும்புக்குள்ளேயே மருந்தை விடும் முறை இதைவிட உறுதியானது. மரப்பு நீடிப்பதற்காக மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலினால் சில நிமிடம் நெஞ்சு படபடவென்று அடிக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை. அதற்கென்று தனிக் கருவி வேண்டும் என்பதால் பெரும்பாலும் வேர் சிகிச்சை நிபுணர்களிடம்தான் இருக்கும். கடைசியாகப் பற்கூழுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தோடு மருந்தை விடுவது. அது கட்டாயம் பலிக்கும். ஆனால் குத்தும் நொடியில் கடுமையாக வலிக்கும். மற்ற ஊசிகளை முயன்று பார்க்காமல் இதை முதலிலேயே செய்வதை நான் ஏற்பதில்லை. வேறு வழியில்லாத நேரத்தில் சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே நொடியில் முடிக்க வேண்டும்.

இத்தனை ஊசி போட்டால் உடம்புக்கு ஆகுமா என்ற கவலை உங்களுக்கு வரும். 2 விழுக்காடு லிக்னோகெய்ன் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அட்ரினலின் கலந்த மருந்துக்கு உச்சவரம்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம், அதாவது 21 மில்லி. ஆரோக்கியமான ஒருவருக்கு அட்ரினலின் வரம்பு அதற்கு முன்பே வந்துவிடும். ஆனாலும் இரண்டு மூன்று துணை ஊசிகள் அந்த எல்லைக்கு வெகுதூரத்தில்தான் நிற்கும். ஆர்ட்டிகெய்னைச் சேர்க்கும்போது இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு மாறும். அவர்களுக்கு அட்ரினலின் 0.04 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வழக்கமான எச்சரிக்கை. நம் ஊரில் புழங்கும் 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த மருந்தில் அது ஏறத்தாழ மூன்று மில்லிதான். எனவே அப்பாவுக்கு நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஏதாவது மருந்துக்கு ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தைப் பத்திரப்படுத்துவதும் இந்தக் கரையில் சாதாரண செய்தி இல்லை. அட்ரினலின் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் கெட்டுப்போகும். 25 பாகை செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்க வேண்டிய மருந்தை மே மாத வெயிலில் அலமாரியில் வைத்திருந்து, நிறம் மாறியதைக்கூடக் கவனிக்காமல் போட்டால், மரப்பு வந்தாலும் அது விரைவில் விட்டுப்போகும்.

உங்கள் அப்பாவின் வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றால், வாயை மூடிய நிலையிலேயே கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஊசி செலுத்தும் அகினோசி முறை கைகொடுக்கும். வாய் திறப்பவர்களுக்கு, நரம்பைச் சற்று மேலேயே பிடிக்கும் கௌ-கேட்ஸ் முறை இன்னொரு வழி. 1973-இல் ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஒருவர் விவரித்தது. வழக்கமான ஊசி தவறியவர்களிடம் இதை முயல்வது நியாயமானது. மிகவும் அச்சப்படுபவர்களுக்கு முன்கூட்டியே தூக்க மாத்திரையோ சிரிப்பு வாயுவோ கொடுப்பதும் உண்டு. ஆனால் அவை மரப்பைக் கொண்டுவரா. மரப்பு ஊசிக்குத் துணையாகத்தான் நிற்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: முதல் நாளே எல்லா வேர்களையும் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல்லைத் திறந்து மேலறையில் உள்ள பற்கூழை மட்டும் எடுத்து, மருந்து வைத்து அடைத்து அனுப்பினாலே பெரும்பாலோருக்கு வலி பெருமளவு தணிந்துவிடும். சில நாள் கழித்து அழற்சி அடங்கிய பிறகு வேர்களுக்குள் போனால், ஊசி முன்பைவிட நன்றாகப் பிடிக்கும். சில பற்களில் ஒரு வேரில் பற்கூழ் செத்திருக்கும், இன்னொன்றில் உயிரோடிருக்கும். மேலறை திறந்தபோது வலிக்காதவர் கருவி உள்ளே இறங்கும்போது துள்ளுவது அதனால்தான். அப்போதும் நிறுத்தி, அந்த வேருக்கு மட்டும் துணை ஊசி போட வேண்டும். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முடிந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே தொடர்வதை நான் கண்டிக்கிறேன்.

பல்லை எடுத்துவிடலாம் என்ற யோசனையைப் பொறுத்தவரை, பல்லை எடுப்பதற்கும் இதே மரப்பு ஊசிதான் தேவை. ஊசி பிடிக்கவில்லை என்பது பல்லை எடுப்பதற்கான காரணமாகாது. பல் பாதிக்கு மேல் இடிந்து, காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் மட்டுமே அது சரியான முடிவு. அதை எக்ஸ்ரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்வரை பல்வலியைப் பொறுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையுமாக நாளை ஓட்டி, தடைக்காலம் தொடங்கியதும் வருபவர்களுடைய பற்கள்தான் எனக்கு மிகவும் கடினமானவை. உங்கள் அப்பாவைக் காத்திருக்க விடாதீர்கள். இராமநாதபுரத்திலோ, முடிந்தால் மதுரையிலோ, வேர் சிகிச்சையில் மேற்படிப்பு முடித்தவரிடம் நேரம் வாங்குங்கள். இராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ஒருநாள் போய்வர இயலும். போனதும் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்: உதடு மரத்தும் பல் மரக்கவில்லை, எத்தனை ஊசி போட்டார்கள், எந்தக் கட்டத்தில் வலித்தது என்று. அந்த ஒரு தகவலே மருத்துவரைத் துணை ஊசிகளைத் தயாராக வைத்துக்கொள்ளச் செய்யும். திறப்பதற்கு முன் குளிர் வைத்துப் பார்க்கும்படியும், இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்தும்படியும் கேளுங்கள். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல மருத்துவர் இதை வரவேற்பார்.

சிகிச்சை முடிந்த பிறகு உதடும் நாக்கும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்தே இருக்கும். அதுவரை சூடான தேநீரோ சோறோ வேண்டாம். கடித்துக்கொண்டாலும் சுட்டுக்கொண்டாலும் தெரியாது. மரப்பு விட்டதும் பல் லேசாக நோகும். அதற்கான மாத்திரையை மரப்பு இருக்கும்போதே கொடுத்துவிட்டால் நோவு தலைதூக்காது. அன்றிரவு படகுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.